இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

பேச்சியம்மா என்று பெயர் வைத்துக்கொண்டு கிறிஸ்தவ இறையியல் படிக்க வருகிறாளாம் என்று டெலானிபூர் படிப்பு மையத்தில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் ஜெராக்ஸ் எடுத்துப் பாஸானவர்கள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

ஜங்லிகாட்டில் அவள் ஜெராக்ஸ் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். இறையியல் பட்டப்படிப்புக்கு வாசிக்க வேண்டிய புத்தகங்கள் என்று மையம் இருபத்து மூன்று தலைப்புகளை எழுதிக் கொடுக்கும். மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பிரதி. அதனால் மாணவர்கள் எல்லாரும் அவள் கடைக்குத்தான் வருவார்கள். எங்கள் தீவின் ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டு இரண்டு இரண்டாகப் புரளும். ஓரத்துப் பக்க எண் பாதி நேரம் நகலில் விழாது. பேச்சியம்மா எண்ணை நம்புவதேயில்லை. ஒரு பக்கத்தின் கடைசி வரியையும் அடுத்த பக்கத்தின் முதல் வரியையும் வாசித்துப் பார்த்துத்தான் பைண்டிங் போடுவாள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். வரிகளில் ஆரம்பித்தவள் பக்கங்களுக்குப் போனாள், பிறகு முழுப் புத்தகங்களுக்கு.

பட்டியலில் ஏழாவது புத்தகம், கடவுளிடம் சண்டை போடும் ஜெபங்களைப் பற்றியது. அதில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு பேச்சு ஒட்டவில்லை. பார்த்தால் ஒரு தாளே காணோம். மையத்தில் போய்ச் சொன்னாள். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார்கள். அவளா அட்ஜஸ்ட் பண்ணுவாள்? சென்னைக்குப் போன பழைய மாணவன் ஸ்ரீதரிடம் சொல்லி, அங்கே ஒரு நூலகத்துப் பிரதியிலிருந்து அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்ப வைத்தாள்.

அது வந்த மாதம்தான் அவள் மகன் அழகேசன் டெங்குவில் போனான். இருபது வயது. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், சாமியைக் கேள்வி கேட்காதே, வாயை மூடிக்கொள் என்றார்கள். நானும் சொன்னேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தாள் மட்டும்தான் அவளைக் கத்தச் சொன்னது. இந்தப் படிப்பைப் படித்தே தீருவது என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

போன வருஷம் விண்ணப்பம் போட்டாள். சபைக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நாலு ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போனா கடிதம் கெடைச்சிடும்" என்றேன்.

"பொய் சொல்லியா சாமியப் பத்திப் படிக்கது? சலோ மீனா, வண்டிய எடு" என்றாள்.

என் ஸ்கூட்டரில் டெலானிபூர் மேட்டுக்குப் போனோம். முதல்வர் யோகராஜ் ஐயா மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொன்னார். "விதிய நான் மாத்த முடியாதும்மா. வேணும்னா பின்பெஞ்சுல சும்மா உக்காந்து கேளுங்க" என்றார்.

"சும்மா கேக்கதுக்கு வரல. இருபத்து மூணு புத்தகமும் வாசிச்சிருக்கேன். பரீட்சை எழுதணும்."

"சரி, வாசிச்சிருக்கேன்னு சொல்றீங்களே. முறையிடுறவனப் பத்தி ஏழாவது புத்தகம் என்ன சொல்லுது?"

"கத்துறவன் கடவுள விட்டுப் போயிரல. பக்கத்துல நின்னுதான் கத்துதான். அவன் வாய அடைக்காதீங்கன்னு சொல்லுது."

ஐயா சிரித்தார். "தப்பு. முறையீடு விசுவாசக் குறைவு, மௌனம்தான் மருந்துன்னு சொல்லுது. பதினோரு வருஷமா நடத்துறேன்."

"உங்க புத்தகத்த எடுங்க சார்."

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவர் சொன்னது அப்படியே இருந்தது. அடுத்த பக்கம் இருநூற்றுப் பதினைந்து. பேச்சியம்மா பையிலிருந்து தன் தாளை எடுத்து நடுவில் வைத்தாள். இதுவரை சொன்னது பிறர் வாதம், அது முழுக்கத் தவறு என்று அதன் முதல் வரியிலேயே ஆசிரியர் தொடங்கியிருந்தார். பிறகு இரண்டு பக்கமும் அந்த வாதத்தை உண்டு இல்லை என்று ஆக்கியிருந்தார்.

ஐயா இரண்டு தடவை வாசித்தார். இத்தனைக்கும் மாணவர்களின் நகல்களில் அவள் அந்தத் தாளைச் செருகியேதான் கொடுத்திருந்தாள். அவர்களோ பரீட்சையில் ஐயா சொன்னதையே எழுதினார்கள். மார்க் வேண்டாமா?

"எத்தனை சாவு வீட்டுல பேசாம இருங்கன்னு சொல்லியிருக்கேன்" என்றார் ஐயா. குரல் இறங்கிவிட்டது. தாளை எடுத்துக்கொள்ளக் கை நீட்டினார்.

பேச்சியம்மா அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "அட்மிஷன் ஃபாரத்தோட கடைக்கு வாங்க. ஒட்டித் தாரேன்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கினாள்.

நாலாம் நாள் கொட்டுகிற மழையில் ஐயா வந்தார். புத்தகமும் ஃபாரமும் ஒரு பாலிதீன் பையில் இருந்தன. சபைக் கடிதம் இருக்க வேண்டிய இடத்தில் அவரே ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். "மேல யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார்.

பேச்சியம்மா முதலில் பசை தடவித் தாளை ஒட்டினாள். முந்தின பக்கத்துக் கடைசி வரியையும் இந்தப் பக்கத்து முதல் வரியையும் வாசித்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் பேனாவை எடுத்தாள்.

இந்தப் படிப்பில் சேர விரும்பும் காரணம் என்ன என்று ஃபாரத்தில் ஓர் இடம் இருந்தது.

"தேவனை அறியன்னு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க" என்றார் ஐயா.

அவள் நிறுத்தி நிறுத்தி எழுதினாள்: "என் மகனை ஏன் எடுத்தாய் என்று அவரிடம் கேட்க."