பிழிந்தெடுத்த ஒன்பது

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் ஹீமோகுளோபின் அளவைச் சொல்லிவிடுமாம். உள்ளங்கை அகலத்தில் அப்படியொரு கருவியை டாக்டர் என் மேசையில் வைத்தபோதே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. திருத்தணி மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடமாக லேப் டெக்னீஷியன் நான். எனக்கே பாடமா?

"கை நரம்புல ரத்தம் எடுத்து பெரிய மெஷின்ல பாருங்க. விரல்ல குத்தி இதுலயும் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போவுதான்னு எழுதுங்க" என்றார்.

முதலில் வந்தவள் அம்மையார்குப்பத்து நெசவுக்காரப் பெண். ஏழாம் மாதம். கூடவே மாமியார். மாதாமாதம் அவள் விரலில் குத்திப் பழைய கண்ணாடிக் குழாயில் அளந்து பார்ப்பேன்; பதினொன்றாவது இருக்க வேண்டியது ஒன்பதைத் தாண்டாது. "இரும்புச்சத்து மாத்திரைய எந்தச் சாக்கடைல போடற?" என்று திட்டுவேன்.

"மலை மேல சாமி சத்தியமா முழுங்கிகினுதான்க்கா இருக்கேன்" என்பாள். மாமியார் தினமும் டார்ச் அடித்து அவள் நாக்குக்கு அடியில் தேடிப் பார்ப்பாராம்.

"இந்த வாட்டியும் கொறஞ்சா பிரசவத்துக்கு மணவூர் அனுப்ப மாட்டேன். அம்மா வூட்டுல இவ வாயத் தொறந்து யாரு பாக்கறது?" என்றார் மாமியார் அன்று. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிய மெஷின் பதினொன்று என்றது. புதுக் கருவி ஒன்பது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"சார், டப்பா பொய் சொல்லுது!"

போன மாதம் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் பக்கத்தில் நின்றிருந்தாள். அந்தப் பெண்ணின் இன்னொரு விரலின் ஓரத்தில் நன்றாகக் குத்தினாள். முதல் சொட்டைத் துடைத்தாள். அடுத்தது தானாக ஊறி வரும்வரை சும்மா இருந்தாள். கருவி பதினொன்று காட்டியது.

"தறி வேலை செஞ்சு விரல் காச்சுப்போயிருக்கு மேடம். ரத்தம் வரலன்னு எலுமிச்சம்பழம் மாதிரி பிழியறீங்க. தசைல இருக்கற தண்ணியும் கலந்து அளவு கொறஞ்சுடுது."

இத்தனை மாதமும் நான் திட்டியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. "தப்பு என்னுதும்மா" என்றேன்.

நெசவுக்காரப் பெண் சீட்டை என் பக்கம் தள்ளினாள்.

"பதினொண்ணுன்னு பெருசா எழுதுங்கக்கா."

எழுதினேன்.

"கீழ, மாத்திரைய ஒழுங்கா முழுங்கினான்னும் எழுதுங்க."

அதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீலும் கேட்டாள், வைத்தேன். மை காயும் வரை ஊதிவிட்டுச் சீட்டை மாமியாரிடம் நீட்டினாள்.

"அத்த, மணவூருக்கு எத்தினி மணிக்கு ரயிலு?"