நல்ல கேன்சர்

எங்கள் ஆஸ்பத்திரியின் மலையாளி சர்ஜனிடம் ஒரு பிரசங்கம் இருந்தது. தைராய்டில் கேன்சர் என்று வந்த எல்லோருக்கும் அதையே ஓதுவார்.

"பேடிக்கண்டா, பயமே வேண்டா. கேன்சர்ல நல்ல கேன்சர் இதுதான். கட்டியை எடுப்போம், பின்னே ஒரு டம்ளர் அயோடின் குடிக்கணும். தீர்ந்நு."

பெரும்பாலானவர்களுக்கு அது உண்மைதான். ஆபத்தே அதில்தான்.

நான் அங்கே பத்தாலஜிஸ்ட். கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி, செல்களை எடுத்துப் பார்ப்பது என் வேலை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒருநாள், பழவங்காடி ஹோட்டல் ஒன்றின் சரக்கு மாஸ்டர் செல்லையா வந்தார். வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். கூடவே ஹோட்டல் முதலாளி. நான் ஊசியை எடுத்ததும் செல்லையா கக்கூசுக்கு ஓடினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி ஓடினார்.

"எவ்வளவு காலமா இப்படி?"

"அது வருஷக்கணக்கா இருக்கு மேடம். எங்க குடும்பத்துக்கே இளகின வயிறு. எங்கம்மாவுக்கும் இப்படித்தான். கடைசியில கழுத்துக் கட்டியோட போய்ச் சேந்தா."

முதலாளி பதறினார். "மெதுவாப் பேசும்வே. சரக்கு மாஸ்டருக்கு வயித்தால போகுதுன்னு தெரிஞ்சா எவன் நம்ம கடையில வடை திம்பான்?"

பூச்சி மாத்திரை, அரிஷ்டம், கஷாயம் எல்லாம் குடித்திருந்தார். வயிற்றுக்கு மருந்து கொடுத்த ஒருவர்கூட ஒரு முழம் மேலே கழுத்தைப் பார்க்கவில்லை.

ஸ்லைடில் மெடுல்லரி கார்சினோமா. தைராய்டு கேன்சர்களில் அபூர்வமான வகை. இது அயோடினை உறிஞ்சாது. டம்ளர் என்ன, குடம் குடித்தாலும் பலனில்லை. கால்சிடோனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் கொட்டும். கட்டி சுரக்கும் இதுபோன்ற பொருள்களால்தான் வயிற்றுப்போக்கு. மெதுவாக வளரும், ஆனால் கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குச் சீக்கிரமே பரவும். சில குடும்பங்களில் பிள்ளைகளுக்கும் இறங்கும். சுரப்பிக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் நல்ல ஆயுசு உண்டு. வெளியேறிவிட்டால் முழுசாக ஒழிப்பது கஷ்டம்.

சர்ஜனுக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். ஆபரேஷனுக்கு முன் அட்ரினல் சுரப்பியையும் பார்க்கச் சொன்னேன்; அங்கேயும் கட்டி இருந்தால் மேஜையிலேயே ரத்த அழுத்தம் எகிறி ஆள் போய்விடலாம். பார்த்தார். சுரப்பி முழுவதையும் கணுக்களையும் ஒழுங்காக எடுத்தார். கை நல்ல கை. வாய்தான் பழக்கதோஷத்தில் பிரசங்கத்தையும் ஓதிவிட்டது.

வார்டுக்குப் போய், "உங்க மகளுக்கும் ரத்தம் பார்க்கணும்" என்றேன். ஒரே மகள், ஊரில் இருந்தாள்.

"தையில அவளுக்குக் கல்யாணம் மேடம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா நின்னுபோகும். முடியட்டும், பாப்போம். சர்ஜன் சாரே நல்ல கேன்சர்னு சொல்லிட்டாரு. நீங்க ஏன் பொம்பளப்பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போடுதீய?"

நேராக சர்ஜன் அறைக்குப் போனேன். "உங்க பிரசங்கத்தைத் திரும்ப வாங்குங்க."

"ரோகியைச் சமாதானப்படுத்தறது தப்பா மேடம்?"

"அந்தச் சமாதானத்தை வச்சு அவர் மகளைச் சாகக் கொடுக்கப் போறார்."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வார்டுக்கு வந்தார். "செல்லையா, ஞான் சொன்னது வேற வகை. இது அதல்லா."

"அப்போ இது கெட்ட கேன்சரா சார்?"

சர்ஜன் என்னைப் பார்த்தார். "மகளைக் கூட்டிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

"அவ வயிறு நல்லாத்தான் இருக்கு சார்."

"வயிறு கெடறதுக்கு முன்னாடி பார்க்கணும்னுதான் சொல்றோம்" என்றேன்.

மகள் வந்தாள். கால்சிடோனின் ஏறியிருந்தது. சுரப்பியை எடுத்தோம், கட்டி அதைத் தாண்டியிருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் விஷயத்தைச் சொன்னார்கள், கல்யாணம் நின்றது. மறைத்திருந்தால் தாலி கட்டியிருப்பார்களாம், சொன்னதுதான் குற்றமாம். பிறகு வேறொருவனைக் கட்டினாள். தினம் ஒரு மாத்திரையோடு நன்றாக இருக்கிறாள்.

செல்லையாவை முதலாளி கல்லாவுக்கு மாற்றினார். கல்லாவில் இருப்பவன் வயிற்றை யாரும் விசாரிப்பதில்லை. சில வருடம் ஓடியது. பிறகு கேன்சர் கல்லீரலுக்குப் பரவி, போய்ச் சேர்ந்தார்.

சர்ஜன் திருந்தினாரா என்றால், பிரசங்கத்துக்கு முன் எனக்குப் போன் செய்து, "மேடம், இது நல்லதுதானே?" என்று கேட்கும் அளவுக்குத் திருந்தினார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல கேன்சர் என்று வாயில் வந்தால் விழுங்குங்கள். எந்த வகை என்று கேளுங்கள். மெடுல்லரி என்றால், ஆறுதல் சொல்வதற்கு முன் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள்.