நான் தடுத்த ஊசி

மாத்தளைப் பக்கம் சின்னமுத்து என்ற தட்டம்மை பரவிய அந்த வருடம் என் தம்பியின் மகனுக்கு ஆறரை மாதம். வழக்கமாக ஒன்பது மாதத்தில் போடும் ஊசியை, நோய் பரவுவதால் ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒருமுறை போடுவதாகக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். தம்பியின் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தங்கள் ஊரான நாலந்தாவிலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தாள். நான் விஞ்ஞான ஆசிரியை, எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன ஒரே ஆள். எதுவானாலும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

"போடலாமா அண்ணி? இவ்வளவு சின்னப் புள்ளைக்கு?"

"வேணாம். வயித்துல இருக்கும்போதே தாயோட எதிர்ப்புச் சக்தி புள்ளைக்கு வந்துரும். அது இன்னும் ரத்தத்துல இருக்கும். இப்ப ஊசி போட்டா அதுவே மருந்த அழிச்சிடும். வீணாப் போகும். ஒம்பது மாசத்துல போடுங்க."

வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டாள். தேநீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல். கண் சிவந்து பீளை கட்டியது, காதுக்குப் பின்னாலிருந்து செம்புள்ளிகள் இறங்கின. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் நிமோனியா என்றார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. அவன் அழவில்லை. அழுவதற்குத் தெம்பில்லை.

தம்பியின் மனைவிக்குச் சிங்களம் சரளமாக வராது. அதனால் தாதி கேட்பதை நான்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக் அட்டையைப் புரட்டிய தாதி சிங்களத்தில் கேட்டார்: "முன்கூட்டிப் போடும் ஊசி ஏன் போடவில்லை? யார் வேண்டாம் என்றது?"

நான் முதல் கேள்வியை மட்டும் தமிழில் சொன்னேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "மறந்துட்டேன்னு சொல்லிடுங்க அண்ணி" என்றாள்.

அப்படியே சொன்னேன். மறந்துவிட்டாளாம். சிங்களத்தில் அந்த வாக்கியத்தை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். தாதி அவளைக் கடிந்துகொண்டார். பெற்ற பிள்ளையைவிட என்ன வேலை என்றார். அதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அவள் என்னைக் கேட்டது தெரியாமல் பின்னால் நின்ற தம்பியும் தன் பங்குக்கு அவளைத் திட்டினான். அவள் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

பதினோரு நாளில் பிள்ளை பிழைத்து வீடு வந்தான். பாதியாகியிருந்தான். இடது காதில் மாதக்கணக்கில் சீழ் வடிந்தது.

ஒன்பதாம் மாத ஊசிக்கு அவர்களோடு நானும் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஊசி போடும் மிட்வைஃப் மிஸ் தமிழ்ப் பெண். நான் சொன்னதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க சொன்னதுல பொய் இல்ல டீச்சர். ஆனா தாய் குடுத்த சக்தி மாசம் போகப் போகக் கொறஞ்சிக்கிட்டே வரும். சின்னமுத்து வந்து தேறின தாய்னா புள்ளைக்குக் கொஞ்ச நாள் கூட நிக்கும். ஊசி மட்டும் போட்ட தாய்னா சீக்கிரமே தீர்ந்துரும். எந்தப் புள்ளைக்கு எப்ப தீருதுன்னு யாருக்குத் தெரியும்? அதான் நோய் பரவுறப்ப ஆறு மாசத்துல ஒண்ணு போட்டுட்டு, அது பிடிக்காமப் போயிருக்கலாம்னு ஒம்பதுல மறுபடியும் போடுறோம்."

எனக்குச் சிறுவயதில் சின்னமுத்து வந்தது. தம்பியின் மனைவிக்கு வந்ததே இல்லை, ஊசி மட்டும்தான். அவளுக்கும் வந்ததா என்று அன்று என் வீட்டில் ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

வெளியே காத்திருந்த தம்பியிடமும் சொன்னேன். அவன் எங்களை விட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டான். நான் அவள் பக்கம் திரும்பி, "என்ன மன்னிச்சிரு" என்றேன்.

"நீங்க தெரிஞ்சா சொன்னீங்க? அது பரவாயில்ல அண்ணி." பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "வார்டுல எல்லாரும் என்னத் திட்டும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

தம்பி தைப்பொங்கலுக்கு வந்தபோதுதான் மறுபடி என்னோடு பேசினான். அவள் ஒருநாளும் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன என்றாலும் இப்போது மிட்வைஃப் மிஸ்ஸுக்குத்தான் போன் போடுகிறாள். அதுதான் சரி.