கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் யோசித்தேன். கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. நான் தைபேக்குப் பக்கத்தில், கீலுங் துறைமுகத்தில் கிரேன் பழுது பார்ப்பவன். கண்ணால் பார்த்து, ஸ்பேனரால் தட்டிப் பார்த்தால்தான் எதையும் நம்புவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன்... இது என் வீட்டில் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

என் மனைவி வான்-ரோ, பார்வையற்றோர் நூலகத்துக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள். சம்பளம் கிடையாது, ஆசைதான். எங்கள் ஊரில் மழை ஓயாது. அந்தச் சத்தம் விழக்கூடாது என்று போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மைக் முன்னால் உட்காருவாள். நான்கு வருடத்தில் வீட்டுக் கணினியில் மூச்சு விட இடமில்லை.

"கோ-வெய், உன் மீன்பிடி வீடியோவை அழிச்சாலே பாதி எடம் வரும்," என்றாள்.

"உன் துப்பறியுற கிழவன் கதையை அழி."

"அழிச்சுப் பாரு. ராத்திரி சோறு கிடையாது."

சோறு முக்கியம். இரண்டாவதாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்து நானே உள்ளே மாட்டினேன். கணினி ஓடத் தேவையானது மட்டும் சி டிரைவில். அவள் குரல் முழுக்க டி டிரைவில். பெட்டியின் மேல் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். மிஷின் அடம் பிடிக்காமல் இருக்க நாங்கள் எல்லோரும் வைப்பதுதான். என் கிரேனிலும் ஒன்று இருக்கிறது.

வாசித்து முடித்த புத்தகங்கள் நூலகத்துக்குப் போய்விடும். ஆனால் எங்கள் மகள் மின்-மின்னுக்கென்று அவளே இட்டுக்கட்டிச் சொன்ன கதைகள்... அவை அந்த டிஸ்கில் மட்டும்தான். இன்னொரு பிரதி எடுத்து வைக்க எனக்குப் புத்தி வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை வான்-ரோ போய்விட்டாள். மாரடைப்பு. முப்பத்தெட்டு வயது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

மின்-மின்னுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து அம்மா குரல் கேட்டால்தான் தூங்கினாள். தினமும் ஆமைக் கதை, அதே ஆமை. வியாழக்கிழமை, சோறு வேண்டாம் என்றவள், பெட்டி மேல் இருந்த பச்சைப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டாள். நான் திட்டவில்லை. ஏதாவது தின்றாளே என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை கதை பாதியில் நின்றது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்... டக்... டக்...

ஹார்ட் டிஸ்க் சாகும்போது இப்படித்தான் தட்டும். மேற்கொண்டு ஓட்டினால் உள்ளே இருப்பதும் போய்விடும். உடனே அணைத்தேன், பிளக்கையும் பிடுங்கினேன். இரண்டு வயரையும் உருவி டிஸ்கைக் கழற்றி, துண்டில் சுற்றிப் படுக்கையறை அலமாரியில் வைத்தேன். திங்கட்கிழமை தைபேயில், செத்த டிஸ்கிலிருந்து மீட்டெடுப்பவர்களிடம் கொடுப்பதாகத் திட்டம்.

சனிக்கிழமை பூசாரி சூ வந்தார். இறந்தவர் ஏழாம் நாள் ஒரு தடவை வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார் என்பது எங்கள் நம்பிக்கை. அவள் பிறந்த நேரம், போன நேரம் இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சுலேருந்து ஏழு. ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கோங்க. என்ன கேட்டாலும் வெளிய வராதீங்க. உங்களைப் பாத்தா அவளுக்குப் போக மனசு வராது."

"சரி சாமி."

"அவ பொழங்கின சாமான் எதையாச்சும் எடம் மாத்தினியா?"

"இல்ல சாமி."

பொய். மறுபடி மாட்டி வை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். ஆவியை நான் நம்பவில்லை. டிஸ்க் தட்டியதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குப் பிடித்த இறால் சூப்பைப் படத்தின் முன் வைத்தேன். வழக்கப்படி, வந்துபோகிறவரின் தடம் தெரிய, கூடத்துத் தரையில் மாவு தூவினேன். 4.55-க்கு மின்-மின்னை அழைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டேன். வெளியே மழை.

5.12. கூடத்தில் ஒரு சத்தம்.

ம்ம்ம்ம்ம்...

கணினியின் விசிறி. நான்தான் பிளக்கைப் பிடுங்கியிருந்தேனே... வெள்ளிக்கிழமையிலிருந்து அது அப்படியேதான் கிடந்தது.

5.20. கீபோர்டு. வேகமாக, நிற்காமல். வான்-ரோ தட்டுவது போல.

"அப்பா... அம்மா," என்றாள் மின்-மின்.

"சத்தம் போடாத."

சொல்லிவிட்டு நானே அழுதேன். பயத்தில் இல்லை. வந்துவிட்டாள். தன் குரலைத் தேடுகிறாள். டி டிரைவ் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. நான் எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

5.40. அலமாரிக்குள்...

மெல்லிய ரீங்காரம்.

திறந்தேன். துண்டைப் பிரித்தேன். டிஸ்க் சூடாக இருந்தது. வயர் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனால் உள்ளே தட்டு சுழல்வது என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. இருபது வருடமாக மோட்டார் பார்த்த கை இது. தப்பாகச் சொல்லாது.

6.05. கீபோர்டு நின்றது.

கூடத்திலிருந்து அவள் குரல்.

"ஒரு ஊர்ல ஒரு ஆமை இருந்துச்சாம். அது முதுகுல மின்-மின்னு ஒரு குட்டிப் பொண்ணு ஏறி உக்காந்தாளாம்..."

மின்-மின் கட்டிலிலிருந்து குதித்தாள்.

"அம்மா கதை சொல்றா. கதவைத் திற."

"வேணாம்."

"திறப்பா. அம்மா போயிடுவா."

என்னால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தால் போதும். பூசாரியாவது, மண்ணாவது. எழுந்து போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

கதை நின்றது. வெள்ளிக்கிழமை எந்தச் சொல்லில் நின்றதோ... அதே சொல்லில்.

மறுபடி முதலிலிருந்து.

"ஒரு ஊர்ல ஒரு ஆமை இருந்துச்சாம்..."

அதே சொல்லில் நின்றது.

மறுபடி.

இப்போது குரல் கூடத்தில் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம்... தரையோடு தரையாக.

இடது கையில் டிஸ்க் நெருப்பாய்ச் சுட்டது.

டக். டக். டக். டக்.

கையே குலுங்கியது.

வேண்டாம் என்று அடித்துக்கொள்வது போலிருந்தது. ஏன் என்று தெரியாது. தாழ்ப்பாளை விட்டேன்.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். மின்-மின்னை இழுத்து மடியில் போட்டு, அவள் காதைப் பொத்தினேன். அவள் என் கையைக் கடித்தாள்.

ஆமை... ஆமை... ஆமை...

7.00.

எல்லாம் நின்றது.

மழை மட்டும்.

7.30-க்குத்தான் கதவைத் திறந்தேன். கணினி ஜில்லென்று கிடந்தது. பிளக் தரையில். சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது, யாரும் தொடவில்லை. மாவில் கால்தடம் இல்லை. வாசலிலிருந்து கணினி வரை, அங்கிருந்து எங்கள் கதவு வரை... ஐந்து ஐந்தாகச் சின்னப் புள்ளிகள். விரல் நுனிகள். திரும்பிப் போன தடம் இல்லை.

அவள் கை என்றுதான் நினைத்தேன். வீட்டை விட்டுப் போகும் முன் தரையைத் தடவிப் பார்த்திருக்கிறாள் என்று. கதவைத் திறக்காமல் விட்டேனே என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மின்-மின் என்னோடு பேசவில்லை. "அம்மாவை நீதான் தொரத்திட்ட," என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள்.

திங்கட்கிழமை டிஸ்கை தைபேயில் தூ என்ற பெண்ணிடம் கொடுத்தேன். அவளிடம் நடந்த எதையும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மதியம் 2.15-க்கு, கிரேன் மேல் இருந்தபோது, அவள் போன் வந்தது.

"சார், எல்லாம் கெடச்சிடுச்சு. கதை ஃபைல் ஒண்ணு கூடப் போகல."

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் நிறைந்துவிட்டது. இனி மகள் தூங்குவாள்.

"கடைசி ஃபைல் ஒண்ணுதான் புரியல சார். போன ஞாயித்துக்கெழமை, அஞ்சு பன்னெண்டுன்னு காட்டுது. ஒரு மணி நாப்பத்தெட்டு நிமிஷம். அன்னிக்கு மைக்ல ஏதும் பதிவு பண்ணீங்களா?"

"டிஸ்க் அன்னிக்குக் கம்ப்யூட்டர்லயே இல்லம்மா. அலமாரியில இருந்துச்சு."

அந்தப் பக்கம் மவுஸைச் சொடுக்கும் சத்தம்.

"ஃபைல் சரியா இருக்கான்னு பாக்கத்தான் ஓட்டிக் கேட்டேன், தப்பா நெனைக்காதீங்க. ஒரு குழந்தையோட மூச்சு கேக்குது. நீங்க 'சத்தம் போடாத'ன்னு சொல்றது கேக்குது. தூரத்துல யாரோ ஆமைக் கதை சொல்றாங்க. அப்புறம்... ரொம்பக் கிட்டக்க ஒரு பொம்பளை பேசுறாங்க. மத்த கதையெல்லாம் சொன்னாங்கல்ல, அவங்கதான்."

"என்ன சொல்றா?"

"ஒண்ணையேதான் சார், கடைசி வரைக்கும். 'கோ-வெய், நான் உன் பக்கத்துலதான் இருக்கேன். கதவைத் திறக்காத. வெளிய கதை சொல்றது நான் இல்ல.'"