தலையில் அடிபட்டவளின் அபார ஞாபகம்

வாரம் முழுக்க அவள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பாள். சட்டத்துக்குள் உட்கார மறுக்கிற கண்ணாடியை மயிரிழை மயிரிழையாகத் தேய்த்து, தாஜா பண்ணி உட்கார வைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே கைகள் மண்பாதையில் பைக்கை முறுக்கும். வண்டி மேட்டிலிருந்து ஆளுயரத்துக்கு மேலே பறக்கும். புழுதியோடு புழுதியாக வந்து நிற்பதால் பந்தயத் திடலில் அவளுக்குப் பெயரே புழுதி. இரண்டு முறை காறை எலும்பு முறிந்திருக்கிறது. "அதெல்லாம் ஒரு எலும்பா?" என்பாள், ஏதோ உபரியாக வைத்து அனுப்பிய சாமான் போல.

அவளுடைய கணவன் எல்லாப் பந்தயங்களுக்கும் வருவான். பயத்தில் ஒன்றையும் பார்த்ததில்லை. திடலின் கழிப்பறைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, அத்தனை இரைச்சலிலும் அவள் வண்டிச் சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்பான். வீட்டில் மூன்று முறை கூப்பிட்டாலும் அவனுக்குக் காது கேட்காது. அது வேறு கதை.

ஒரு பெரிய பந்தயத்துக்கு முந்தைய நாள் பயிற்சியில், கடைசி மேட்டில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது.

அவன் விழுந்தடித்து ஓடி வந்தபோது அவள் மருத்துவக் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் விரிசல் விட்ட ஹெல்மெட். எதிரே டாக்டரம்மா.

இங்கே ஒரு ரகசியத்தை உடைத்தாக வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் டாக்டரம்மா ஒவ்வொருவருக்கும் ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுக் கழித்துத் திருப்பிக் கேட்பார். யாராவது தலைகுப்புற விழுந்தால் மறுபடியும் ஒரு சோதனை. பழைய அளவுக்குக் குறைந்தால் வண்டி ஏற முடியாது. ஆகவே முதல் சோதனையன்று மட்டும் திடலில் அத்தனை பேரும் வடிகட்டிய மண்டுகள். புழுதி இரண்டே சொற்களைச் சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தவள்.

இன்று அந்தச் சாமர்த்தியம் எதுவும் நினைவில் இல்லை. தலைக்குள் ஏதாவது கழன்றிருக்குமோ என்ற பயம்தான் இருந்தது. டாக்டரம்மா வாய் திறப்பதற்குள் அவளே கண்ணை மூடி மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"குடை, ஆணி, மெழுகுவர்த்தி, கழுதை, பாலம்!"

அஞ்சும் இருக்கிறது! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவனுக்கு மூக்கே ஒழுகிவிட்டது.

டாக்டரம்மாவுக்கு மட்டும் எதுவும் கலங்கவில்லை. "ஏம்மா, அன்னிக்கு ரெண்டுதானே சொன்னே?"

"விழுந்த வேகத்துல மீதி மூணும் வந்துடுச்சு போல டாக்டர்," என்றான் கணவன், உதவி செய்கிற நினைப்பில்.

"அப்போ எல்லாரையும் ஒரு தடவை தள்ளிவிட்டுப் பார்க்கலாமா? உங்ககிட்டேருந்தே ஆரம்பிக்கட்டுமா?"

பிறகு கண்ணில் வெளிச்சம் அடித்தார், ஒற்றைக் காலில் நிற்க வைத்தார், புதிதாக ஐந்து சொற்களைச் சொல்லித் திருப்பிக் கேட்டார். எல்லாம் சரி. "இப்போதைக்குத் தலை நல்லாத்தான் இருக்கு. ஆனா அன்னிக்கு நீ சொன்னது பொய். எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறது? நாளைக்கு ஏறாதே. அடுத்த மாசம் வா."

சண்டை போடத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது ஒரு பெருமூச்சு. காற்றில் தலைகீழாகத் தொங்கிய அந்த நொடியில், நாளைக்கும் இதே மேட்டைத் தாண்ட வேண்டுமே என்றுதான் அவளுக்குத் தோன்றியிருந்தது. இனி அதை யாரிடமும் சொல்லித் தொலைக்க வேண்டியதில்லை.

"பெரிய ரகளை பண்ணுவேன்னு நெனச்சேன்," என்றான் கணவன் வெளியே வந்ததும்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்."

மறுநாள் வேடிக்கை பார்க்கப் போனார்கள். கொடி அசைந்ததும் அவன் பழக்கதோஷத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஏங்க, நான் இங்கதானே நிக்கறேன்? அங்க யாரோட சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க?"

அவன் தயங்கித் தயங்கித் திரும்பினான். மூன்றாவது சுற்றில் வேலிமேல் ஏறி நின்றான். "முறுக்குப்பா, முறுக்கு! அடேங்கப்பா, என்னமா பறக்கறான்!" பறந்தவனின் அம்மா, அதே சுவரைப் பார்த்து நின்றிருந்தவர், இவனைத் திரும்பி முறைத்தார்.

"இவ்ளோ நல்லா இருக்குமா இது? சொல்லவே இல்லையே நீ!"

"அடுத்த மாசம் அஞ்சையும் ஒழுங்கா சொல்லிட்டு நான் ஏறுவேன். அப்பவும் இப்படியே பாருங்க."

விசிலடிக்க உதட்டுக்குக் கொண்டுபோன விரலை அவன் மெதுவாக இறக்கினான். சுவரடியில் தன் இடத்தை வேறு யாரும் பிடித்துவிடவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.