பஞ்சு அசையவில்லை

முதல் அறிகுறி பஸ்ஸில் வந்தது. விழுப்புரத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்க வேண்டியவன் நான்; அங்கே பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். கூட்டேரிப்பட்டு வருவதற்குள் தூங்கிவிடுவேன். வாரத்தில் இரண்டு நாளாவது திண்டிவனத்தைத் தாண்டிப் போய்த்தான் கண் விழிப்பேன்.

“இன்னா சார், ராவெல்லாம் முழிச்சிக்கினு கதை எழுதுறீங்களா?” என்பார் கண்டக்டர். ஒன்பது மணி நேரம் தூங்கிவிட்டு வந்தவன் என்று சொல்ல வெட்கமாக இருக்கும்.

பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். என் குறட்டையைப் பற்றியே நாலு முறை எழுதியிருக்கிறேன். வாசகர்கள் சிரித்தார்கள்.

பிறகு காலைத் தலைவலி வந்தது. ரத்த அழுத்தம் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. எண்பத்தாறாம் வருஷ மழைக்காலத்தில் கால் வீங்கியது; விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது.

விழுப்புரத்தில் ஒரு வயதான டாக்டர் என்னைப் படுக்க வைத்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பகல் பதினொரு மணி. நான் தூங்கிவிட்டேன். இனி நடந்தது என் மனைவி கமலா சொன்னது.

டாக்டர் எழுப்பவில்லை. குறட்டை கிளம்பியது, ஏறியது, சட்டென்று நின்றது. அவர் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து என் மூக்கருகே பிடித்தார். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கின, பஞ்சு அசையவில்லை. உதடு கறுத்தது. அப்புறம் ஒரு திணறலோடு மூச்சு வந்தது.

“மூச்சு நிக்கிறப்ப இதயம் மெதுவாகுதும்மா. திரும்பி வந்ததும் தறிகெட்டு ஓடுது. எத்தனை வருஷமா இப்படி?”

“கல்யாணமாகி நாலஞ்சு வருஷத்துலேர்ந்துங்க. அது நிக்கும் பாருங்க, அப்பத்தான் நாங்க கண்ணசர்றது. ‘அப்பா நிறுத்திட்டாரு, ஜல்தியா தூங்குங்க’ன்னு புள்ளைங்களுக்குச் சொல்லுவேன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாளாம். டாக்டர் சிரிக்கவில்லை. அவளும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

உறக்க மூச்சடைப்பு (தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து காற்று வழியை மூடிவிடுவது). “புஸ்தகத்துல படிச்சிருக்கேன். நேர்ல நீங்கதான் முதல்” என்றார் டாக்டர். ஒவ்வொரு அடைப்பிலும் ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது, அழுத்தம் எகிறுகிறது. நான் ஓய்வெடுப்பதாக நினைத்த நேரமெல்லாம் இதயம் மேட்டில் வண்டி இழுத்திருக்கிறது. எக்ஸ்ரேயில் அது பெருத்திருந்தது. வயிற்றோடு போட்டி போலும்.

வெளிநாட்டில் மூக்கு வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவி வந்திருக்கிறதாம், இங்கே கிடைக்காது. ஆகவே புதுச்சேரியில் டிரக்கியாஸ்டமி (குரல்வளைக்குக் கீழே கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவது) செய்தார்கள். பகலில் குழாயை மூடிக்கொள்ளலாம். படுக்கும்போது திறந்துவிட வேண்டும்.

“அது நின்னப்பல்லாம் நிம்மதியாத் தூங்கினேனே” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கமலா அழுதாள். என் கட்டுரையில் அந்த மௌனத்துக்கு ‘இடைவேளை’ என்று பெயர் வைத்தவன் நான். குற்றத்தில் பாதி என்னுடையது.

உங்கள் வீட்டில் குறட்டை விடுகிறவர் இருந்தால் சத்தத்தை விடுங்கள். அது நிற்கிற நேரத்தைக் கவனியுங்கள். டாக்டரிடம் போகும்போது பக்கத்தில் படுப்பவரும் கூடப் போகட்டும். நோயாளிக்கு எதுவும் தெரியாது, அவர் தூங்கிக்கொண்டிருந்தவர்.

“காத்துக்கு வழி பண்ணியாச்சு. இதயம் பட்டது பட்டதுதான்” என்றார் விழுப்புரம் டாக்டர். எவ்வளவு காலம் என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது படுத்தால் விடிந்துவிடுகிறது. நடுவில் ஓர் இரவு போயிருப்பதை ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நம்புகிறேன். கால் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. அலுவலக மாடிக்குப் பதினாறு படி; எட்டாவதில் நின்று, யாரையோ எதிர்பார்ப்பவன்போல் தெருவைப் பார்க்கிறேன்.

காலையில் குழாயை மூடும்வரை எனக்குக் குரல் கிடையாது. துளையை விரலால் பொத்தினால்தான் வார்த்தை வரும். வேடிக்கையாக ஏதாவது தோன்றினாலும், விரல் போய்ச் சேர்வதற்குள் அதன் நேரம் கடந்துவிடுகிறது.

“எழுந்துட்டீங்களா?” என்று கமலா கேட்கிறாள். என் கண் திறந்திருப்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நிற்கிறாள். நான் மெல்லக் கையைத் தூக்கி, கழுத்தைப் பொத்தி, “ம்” என்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் அடுப்புப் பற்றவைக்கப் போகிறாள்.