குற்றாலத்தில் சாப்பிட்ட மறுவீட்டுச் சாப்பாடு

என் மூத்த பேரன் கொல்லத்தில் ரயில்வே குமாஸ்தா. அடுத்தவன் போலீஸில் சேர்ந்து திருநெல்வேலியில் இருக்கிறான். பேத்தி எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தாள். ஐந்தோடு நின்றுவிட்ட எனக்கு, இதை எழுதும்போது பிழை திருத்துகிறவள் அவள்தான். இந்த ஆடியில் நாங்கள் குற்றாலம் போனது மூத்தவனுக்காக.

அவன் புனலூர்ப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். பெண்ணின் அப்பாவுக்கு உடம்பு முடியாததால் கல்யாணம் அங்கேயே அவசரமாக நடந்தது. எங்களில் யாரும் போக முடியவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துத் தேங்காய்ப்பால் சொதி ஊற்றிச் சாப்பாடு போடுவதுதான் மறுவீடு. "மறுவீடு சாப்பிடாத கல்யாணம் என்ன கல்யாணம்? அவ கையால பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்று சிவகிரியிலிருக்கும் என் நாத்தனார் சொல்லிவிட்டாள். தையில் போலீஸ்காரனுக்குக் கல்யாணம். வீட்டுக்கு மூத்தவளான அவளும் மூத்தவன் பெண்டாட்டியும் முகம் திருப்பிக்கொண்டு நின்றால் பந்தல் நன்றாகவா இருக்கும்? அதனால்தான் இருவரையும் குற்றாலத்துக்குக் கூப்பிட்டேன்.

ஆலங்குளத்தில் காலை ஆறரைக்குக் கரிப்புகையில் ஓடும் பஸ். தென்காசிக்குப் பதினேழு மைல், இரண்டு மணி நேரம். நாத்தனார் சிவகிரி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். அருவியில் குளிக்க மட்டும் சம்மதித்திருந்தாள். இரண்டு நாளைக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்!

கொல்லம் ரயில் பதினோரு மணிக்குத்தான். அதுவரை காபி கிளப்பில் பூரி கிழங்கு சாப்பிட்டேன். வடக்கத்திப் பலகாரம். உப்பிய பூரியை விரலால் குத்தியதும் ஆவி வருகிறது. கூச்சப்படாமல் இன்னொரு செட் கேட்டு வாங்கினேன். நாத்தனார் தன் மூட்டையை அவிழ்த்தாள்.

பேரனும் பெண்ணும் வந்ததும் ஜட்கா பிடித்தோம். மூன்றரை மைல், எட்டணா.

"ஆச்சி, மூட்டைய மடியிலேயே வச்சுக்கிடுங்க. அங்கன குரங்கு சோத்து மூட்டையத்தான் தேடுது" என்றார் வண்டிக்காரர்.

"எங்க ஊர்லயும் குரங்கு இருக்கு. நீரு குதிரையப் பாரும்" என்றாள் நாத்தனார்.

அருவியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வாடகை வீட்டுக்கு வந்தால், நாத்தனார் திண்ணையில் வைத்துவிட்டுப் போன மூட்டை ஓட்டுக்கூரை மேல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கடுவன் குரங்கு சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து புளியோதரை தின்கிறது. பேரன் சிரிப்பை அடக்க முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

அருவியில் குளித்தவர் பசி எல்லாருக்கும் தெரியும். உள்ளே அந்தப் பெண் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். நாத்தனாருக்கு ஓர் இலையைப் போட்டுவிட்டுத் தள்ளி நின்றாள். நாத்தனார் சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, இது என்ன, சொதியா?"

"இஷ்டு, ஆச்சி. உருளக்கிழங்கும் தேங்காப்பாலும். எங்க வீட்டுல ஆப்பத்துக்கு இதான்."

"பாசிப்பருப்பு எங்க? எலுமிச்சம்பழம் எங்க? மறுவீட்டுல இப்பிடியா ஊத்துவாவ?"

"மறுவீடுன்னா எந்தா, ஆச்சி?"

நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுல எங்களுக்குப் போட்டிருக்கணும்லா, அந்தச் சாப்பாடு."

"எனக்கு ஆரும் சொல்லலையே. இப்பப் போட்டா ஆகாதா?"

நாத்தனார் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "எலுமிச்சம்பழம் கொண்டா. சட்டிய எறக்கு." தன் கையாலேயே பிழிந்தாள். "எல்லாருக்கும் எலை போடு. மறுவீட்டுல நான் ஒருத்தி மட்டுமா உக்காருவேன்?"

ஆறு ஆப்பம் சாப்பிட்டாள். ஆறாவதில்தான், "பருப்பு போட்டா இன்னும் நல்லாருக்கும்" என்றாள். புனலூர் இஷ்டுவைச் சிவகிரிச் சொதியாக்கி ஒரு குடும்பத்தையே ஒரே வரிசையில் உட்காரவைத்தவள் என் பேரன் பெண்டாட்டி. இந்தப் பெருமையை நான் எழுதாமல் யார் எழுதுவது?

சாரலுக்குப் போகிறவர்கள் கவனிக்க: ரேஷன் காலம், அரிசி கையோடு கொண்டுபோங்கள். சோற்று மூட்டையை அறைக்குள் வைத்துப் பூட்டுங்கள். சட்டியை இறக்கிய பிறகே எலுமிச்சை பிழியுங்கள், கொதியில் பிழிந்தால் பால் திரிந்துபோகும்.

கொல்லத்துக்காரா, நீ அனுப்பிய கல்யாணப் படத்தில் நம்மவர் யாரும் இல்லையென்று நாத்தனார் அதை வாங்க மாட்டேன் என்கிறாள். தையில் அவளை நடுவில் உட்காரவைத்துப் புதுப்படம் ஒன்று எடுத்துச் சிவகிரிக்குத் தபாலில் அனுப்பு. படம் மாட்டச் சுவரில் ஆணி இப்போதே அடித்துவிட்டாள்.